விறகில் இருக்கிறது ருசி

வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்ததும், ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் ரெட் ஹில்ஸ் ரோடு என்னும் சாலையின் ஓரத்தில், நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து கீல் வைத்துப் பொருத்திய பழைய எண்ணெய் டிரம்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கத் தொடங்கும். அடிப்பாகத்தில் கரி கனல, அதன் மேலே கம்பி வலையில் முதல்நாள் இரவே காரத்தில் ஊறிய கோழித் துண்டுகள் வாடிக்கொண்டிருக்க, மூடியைத் திறக்கும்போதெல்லாம் குபீரென்று கிளம்பும் புகையானது, வாரக் கூலியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் தொழிலாளியையும், மோட்டார் காரில் போகிற தனவந்தரையும் பேதமின்றி வழிமறித்து நிறுத்திவிடும். வெட்டுக்கத்தியால் எலும்போடு சேர்த்து நாலைந்து துண்டாக நறுக்கி, மேலே மிளகாய்ச் சாற்றையும் தக்காளிச் சாஸையும் ஊற்றி, இரண்டு துண்டு கெட்டி ரொட்டியுடன் அலுமினியத் தாளில் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். நின்றபடியே தின்ன வேண்டியது. நாற்காலி, மேஜை, பீங்கான் தட்டு முதலிய உபசாரங்களுக்கு அங்கே இடமில்லை.

இந்த டிரம் கோழியை ஜமைக்காக்காரர்கள் ‘பான் சிக்கன்’ என்பார்கள். இதற்கு மூத்ததும், இதைவிடக் கண்டிப்பான முறைகளை உடையதுமான பண்டம் ஒன்று உண்டு. அதுதான் உலகமெங்கும் இன்று பிரசித்தி பெற்றிருக்கும் ‘ஜெர்க்’. அதை ஒரு மசாலாவின் பெயர் என்று நினைப்பவர்களே அதிகம். லண்டனிலும் டொரன்டோவிலும், ஏன், சென்னையின் பெரிய அங்காடிகளிலும்கூட, ஜெர்க் என்ற முத்திரையோடு புட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் அப்படி நினைப்பது இயற்கையே. ஆனால் ஜெர்க் என்பது, மசாலாவைக் காட்டிலும், ஒரு மரத்தையும் ஒருவகை நெருப்பையும், அந்த நெருப்பைக் கண்டுபிடித்துக் காத்துவந்த ஒரு ஜனசமூகத்தின் சரித்திரத்தையும் சார்ந்த விஷயம் என்பதே என் அபிப்பிராயம்.

அந்தச் சரித்திரம் சுகமானதல்ல. 1494-ல் கொலம்பஸ் தன் இரண்டாம் யாத்திரையில் ஜமைக்காவில் கால் வைத்தபோது, அங்கே தைனோ என்னும் ஆதிக்குடிகள் மரவள்ளி பயிரிட்டும், மீன் பிடித்தும், பச்சைக் கழிகளாலான பரண்மேல் மாமிசத்தை வைத்துக் கீழே மெல்லிய தீ மூட்டிப் பக்குவப்படுத்தியும் வாழ்ந்து வந்தார்கள். ஸ்பானியர்கள் கொண்டுவந்த நோய்களும் அவர்கள் சுமத்திய கட்டாய உழைப்பும் சேர்ந்து, சில தலைமுறைகளுக்குள் அந்த ஜனங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டன. அவர்கள் இடத்தில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். ஸ்பானியரின் கப்பல்களில் வந்த பன்றிகள் காட்டில் புகுந்து, கேட்பாரற்றுப் பெருகின. 1655-ல் ஆங்கிலேயர் படையெடுத்துவந்து தீவைக் கைப்பற்றிய குழப்பத்தில், ஸ்பானியரின் அடிமைகளில் பலர் மலைகளுக்கு ஓடிப்போனார்கள். பின்னர் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்களும் அவர்களோடு போய்ச் சேர, கிழக்கே நீலமலைத் தொடரிலும், மேற்கே காக்பிட் என்னும் குழியும் குன்றுமான சுண்ணாம்புப் பாறைப் பிரதேசத்திலும் சுயேச்சையான கிராமங்கள் தோன்றின. இவர்களுக்கு மரூன்கள் என்று பெயர்.

ஆங்கிலேயச் சிப்பாய்கள் தேடித் திரியும் காட்டில், வயல் வைத்துப் பயிரிடுவதே அபாயம் என்றிருக்கும்போது, மரூன்களுக்குக் கிடைத்த மாமிசம் காட்டுப்பன்றி. அதை ஈட்டியால் குத்திக் கொன்று, உப்பும் காரமும் வாசனைப் பொருளும் ஏற்றி, பல நாள் கெடாதபடி பக்குவம் செய்துகொள்ளத் தெரிந்தவனே அங்கே பிழைக்க முடியும். புகை மேலே கிளம்பினால் எதிரி கண்டுகொள்வான் என்பதற்காகத்தான் குழிக்குள் நெருப்பிட்டு மேலே இலையும் மண்ணும் மூடிச் சமைத்தார்கள் என்று ஜமைக்காவில் சிறு பிள்ளையும் சொல்லும். அந்தக் கதை எவ்வளவு தூரம் சரித்திரம், எவ்வளவு தூரம் பெருமிதம் என்று பிரித்துப் பார்ப்பது கடினமாக இருந்தாலும், மூடிய நெருப்பில் நெடுநேரம் வேகவைக்கும் வழக்கம் மரூன்களுடையது என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது.

ஆங்கிலேய அரசாங்கம் பல வருஷம் போரிட்டும் மரூன்களை அடக்க முடியாமல், 1739-ல் அவர்களுடைய தலைவர்களுள் ஒருவனான கட்ஜோவுடன் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் ஷரத்துகளில் ஒன்று பன்றி வேட்டையைப் பற்றியது. குடியேற்றங்களுக்கு மூன்று மைல் எல்லைக்கு அப்பால் மரூன்கள் விருப்பம்போல் வேட்டையாடலாம். அவர்களுடைய வேடர்களும் மற்றக் குடியேற்றங்களின் வேடர்களும் காட்டில் சந்திக்க நேர்ந்தால், பன்றிகளை இருசாராரும் சமபாகமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பீரங்கிக்கும் எல்லைக்கும் இடையே பன்றிக்கும் ஒரு ஷரத்து வைத்தார்கள் என்றால், அந்தப் பிராணி அவர்கள் வாழ்வில் பெற்றிருந்த ஸ்தானத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. (அதே உடன்படிக்கையில், இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற கசப்பான நிபந்தனையும் இருந்தது, அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.) கிழக்கு மரூன்களின் தலைவியான நானி இன்று ஜமைக்காவின் தேசிய வீராங்கனை, 500 டாலர் நோட்டில் அவள் உருவம் அச்சாகியிருக்கிறது.

1687-ல் கவர்னரின் வைத்தியராக ஜமைக்காவுக்கு வந்து, பதினைந்து மாதம் செடிகொடிகளைச் சேகரித்துப் போன ஹான்ஸ் ஸ்லோன் என்பவர், பிற்காலத்தில் தம் சேகரத்தால் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே வித்திட்டவர். 1707-ல் வெளியான தம் யாத்திரை நூலில், காட்டுப்பன்றியைப் பிளந்து, எலும்பை நீக்கி, தசையை உட்புறமாகத் தோல்வரை கீறி, உப்பைத் திணித்து வெயிலில் உலர்த்தும் முறையை அவர் எழுதிவைத்திருக்கிறார். அப்போது அது நெடுநாள் வைத்திருப்பதற்கான உணக்கிறைச்சிதான். சுமார் நூறு வருஷம் கழித்து, மாத்யூ லூயிஸ் என்ற நாவலாசிரியர், தகப்பனாரிடமிருந்து பிதிரார்ஜிதமாக வந்த தோட்டங்களையும் அவற்றின் அடிமைகளையும் பார்வையிட வந்தபோது, மரூன் முறையில் செய்த பன்றி விருந்தொன்றை உண்டு, மிளகாயும் வாசனாதி திரவியங்களும் அடைத்து, வாழை இலையில் சுற்றி, சுட்ட கற்கள் நிரம்பிய குழியில் புதைத்து வேகவைத்த அந்தப் பதார்த்தத்துக்கு நிகராக ஜமைக்காவில் தாம் வேறு எதையும் ருசித்ததில்லை என்று தம் தினசரியில் வியந்து எழுதினார். இடைக்காலத்தில் உலர்த்தல் என்பது சுடுதலாக மாறிவிட்டது; கெடாமல் வைப்பதற்காகச் சேர்த்த காரமும் மணமும், அந்த அவசியம் போன பின்பும், ருசியின் பொருட்டே நிலைத்துவிட்டன. 1936-ல் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன், அக்கோம்பாங் என்னும் மரூன் கிராமத்து ஆண்களோடு நாட்கணக்கில் காட்டில் நடந்து, பன்றி வேட்டையில் பங்குகொண்டு, அங்கேயே சுட்டதை அவர்களோடு பகிர்ந்து தின்றார். 1938-ல் வெளிவந்த அவருடைய நூலில் அந்த வேட்டை ஒரு தனி அத்தியாயமாகவே இடம்பெற்றிருக்கிறது.

இனி மரத்துக்கு வருவோம். ஜமைக்காவில் பிமெண்டோ என்றும், கடைகளில் ஆல்ஸ்பைஸ் என்றும், கேரளத்துத் தோட்டங்களில் சர்வசுகந்தி என்றும் வழங்கும் இந்த விருட்சம், நம்முடைய நாவல், கொய்யா, கிராம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கசக்கினாலும், பட்டையைச் சுரண்டினாலும், காயை நசுக்கினாலும், கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை மூன்றையும் ஒருங்கே முகர்ந்தது போன்ற வாசனை எழும். கிராம்புக்கு மணத்தைக் கொடுக்கும் யூஜினால் என்ற எண்ணெயே இதிலும் பிரதானம் என்பதால், அது ஆச்சரியமல்ல. கொலம்பஸ் மலையாளக் கரை மிளகைத் தேடி மேற்கே புறப்பட்டவன்; அவனும் அவனுக்குப் பின் வந்தவர்களும் மிளகைக் காணாமல், அதைப் போன்ற உருண்டை மணிகளையுடைய இந்த மரத்தைக் கண்டு திருப்தியடைய வேண்டியிருந்தது. ஐரோப்பிய வியாபாரிகளின் ஏமாற்றத்தில் விளைந்த நன்மைகளுள் இதையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

பிமெண்டோவின் காயை, பச்சையாக இருக்கும்போதே கிளையோடு ஒடித்துப் பறித்து, வெயிலில் பரப்பி, உள்ளே விதை கலகலவென்று ஒலிக்கும் வரை காயவைக்கிறார்கள். பழுக்கவிட்டால் மணம் குன்றிவிடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையைத் தோட்டக்காரன் ஊன்றினால் எளிதில் முளைப்பதில்லை. பறவைகள் பழத்தைத் தின்று எச்சத்தோடு போட்ட விதைகளே நன்றாக முளைத்ததால், இதை மனிதன் பயிரிடவே முடியாது என்று ஜமைக்காவின் தோட்ட முதலாளிகள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமான்களின் கைத்தடிக்கும் குடைக்காம்புக்கும் இதன் இளங்கன்றுகள் ஆயிரக்கணக்கில் வெட்டி ஏற்றுமதி செய்யப்பட்டதும் உண்டு. உணவுக்கு மணமூட்டப் பிறந்த மரத்தை ஊன்றி நடந்து தீர்த்த நாகரிகத்தை என்னவென்று சொல்வது!

மற்ற நாடுகளில் பெரும்பாலும் காயை மட்டும் உபயோகிக்கிறார்கள். ஜமைக்காவில்தான் காயும், இலையும், கட்டையும் ஆக முழு மரமும் சமையலில் பங்கு பெறுகிறது. ஜெர்க்கின் ரகசியம் என்று ஒன்று இருக்குமானால், அது இதுவே.

மிளகாயைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஸ்காட்ச் பானெட் என்ற, தொப்பியை அமுக்கினாற்போல் குட்டையாயும் மடிப்பு மடிப்பாயும் உள்ள மிளகாயே ஜெர்க்கில் சேர்வது. இலங்கையில் சிங்களவர் நை மிரிஸ் என்றழைக்கும் மிளகாயும் இதே இனத்தைச் சேர்ந்ததென்பதால், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ள வாசகர்களுக்கு இதன் குணத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1912-ல் ஸ்கோவில் என்ற மருந்தியல் அறிஞர் வகுத்த காரத்தின் அளவுகோலில் இது ஒரு லட்சம் முதல் மூன்றரை லட்சம் வரை ஏறும். ஆனால் காரம் மட்டும் அல்ல. மாம்பழத்தையோ ஆப்ரிகாட்டையோ நினைவூட்டும் ஒருவகைப் பழமணம் இதற்கு உண்டு. நம் குண்டூர் மிளகாயை இதற்குப் பதிலாகப் போட்டால் நாக்கு எரியும். அந்த மணம் வராது.

போர்ட்லண்ட் மாகாணத்தில், போர்ட் அன்டோனியோ துறைமுகத்துக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் உள்ள பாஸ்டன் பே என்னும் கடற்கரைக் கிராமமே, ஜெர்க்கைக் காட்டிலிருந்து கடைத்தெருவுக்குக் கொண்டுவந்த ஊர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அங்கே இன்றும் நடைபெறும் முறையை முறைப்படி சொல்வதானால், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கோழியை முதுகெலும்போடு பிளந்து, தோலை உரிக்காமல் பரப்பித் தட்டையாக்கிக்கொள்வார்கள். தொடையிலும் மார்பிலும் எலும்பு வரை கீறல்கள் போடுவார்கள். இடித்த பிமெண்டோ, ஸ்காட்ச் பானெட், வெங்காயத்தாள், தைம் என்னும் மணத்தழை, பூண்டு, இஞ்சி, ஜாதிக்காய், உப்பு இவற்றை நெகிழ அரைத்து, கீறலுக்குள் விரலால் அழுத்தித் திணித்து, ஓரிரவு ஊறவைப்பார்கள். பழுப்புச் சர்க்கரையும், எலுமிச்சைச் சாறும், சோயா சாஸும் பிற்காலச் சேர்க்கைகள். சோயா சாஸ், 1854 முதல் ஜமைக்காவுக்கு வந்து, காலப்போக்கில் மளிகைக்கடை வைத்த சீனர்களின் உபயம் என்றே கருத வேண்டும்.

மறுநாள் காலையில், இடுப்பளவு கட்டிய கல்சுவர்களுக்கு இடையே நீண்ட அடுப்பு தயாராகிறது. விறகை அடுப்பிலேயே எரிப்பதில்லை. பக்கத்தில் தனியாக எரித்து, சுவாலை அடங்கித் தணலான பின்பே மண்வெட்டியால் அள்ளி அடுப்புக்குள் பரப்புகிறார்கள். தணலுக்கு மேலே இரும்புக் கம்பிக்குப் பதிலாக, பச்சைப் பிமெண்டோக் கழிகளை நெருக்கமாக அடுக்குகிறார்கள். சாறு நிறைந்த கழிகள் ஆதலால் அவை சட்டென்று தீப்பற்றுவதில்லை; வெப்பம் ஏற ஏறப் பட்டையிலுள்ள எண்ணெய் கசிந்து, அதன்மேல் கிடக்கும் மாமிசத்துக்குள் ஆவியாகப் புகுகிறது. தோல் பக்கம் மேலாகக் கோழியைப் பரப்பி, அதன்மேல் நெளிநெளியான துத்தநாகத் தகடு ஒன்றைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். கோழிக் கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையும், கழியின் ஆவியும், மசாலாவின் நீரும் தகட்டுக்குள் அடைபட்டு ஒன்றையொன்று ஊடுருவ, மாமிசம் சுடுவதும் வேகுவதும் புகையூட்டப்படுவதுமாகிய மூன்று கிரியைகளும் ஏககாலத்தில் நடைபெறுகின்றன. தந்தூரி அடுப்பின் அவசரம் இதில் கிடையாது. கோழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும், பன்றிக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கும் ஆகும்; தணல் கொழுந்துவிட்டால் தண்ணீர் தெளித்து அடக்குவதும், அவ்வப்போது தகட்டைத் தூக்கிப் புரட்டிவிடுவதுமே வேலை. வெளியே கறுத்து, கரிந்துபோனதோ என்று பயமுறுத்தும் நிறத்தில் இருப்பது, வெட்டினால் உள்ளே ஈரம் சொட்டச் சிவந்த பழுப்பாக இருக்கும். கேட்ட நிறையை மரக்கட்டைமேல் வைத்து வெட்டி, தாளில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

பன்றியின் இடத்தைக் கோழி எப்படிப் பிடித்தது என்பது நியாயமான கேள்வி. காட்டுப்பன்றி குறைந்தது, வீட்டுப்பன்றி விலையேறியது. ஜமைக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையினர் கணிசமான தொகையினர், ராஸ்தபாரி மதத்தினரும் உண்டு, இவ்விரு சாராருக்கும் பன்றி விலக்கு. 1958-ல் தொடங்கப்பட்ட ஜமைக்கா பிராய்லர்ஸ் போன்ற நிறுவனங்கள் பண்ணைக் கோழியைப் பெருவாரியாக வளர்த்துச் சந்தைக்கு அனுப்பவே, ஏழையும் வாரத்துக்கொரு முறை வாங்கக்கூடிய மாமிசமாக அது ஆயிற்று. இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க முடியாத நகரத்துச் சாலையோரத்துக்கு, விரைவில் வேகும் கோழியே ஏற்றது. கல்சுவர் அடுப்பைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வர முடியாது; வீசியெறியப்பட்ட எண்ணெய் டிரம்மை எரித்துச் சுத்தம் செய்து, சக்கரம் பூட்டி எங்கும் கொண்டுபோகலாம். இந்த மாறுதல்களில் இழந்தது பிமெண்டோக் கழி. அதன் இடத்தில் கம்பியும் கரியும் வந்தன.

ஜெர்க்குடன் துணையாகத் தின்னும் பண்டங்களைப் பார்த்தால், தீவின் குடியேற்ற வரலாறு முழுவதும் ஒரு தட்டில் இருக்கும். பாமி என்னும் மரவள்ளி அடை தைனோக்களின் மிச்சம். தீயில் வாட்டிய ஈரப்பலாக்காய், அடிமைகளுக்கு மலிவான உணவு வேண்டுமென்று 1793-ல் கேப்டன் பிளை என்பவர் பசிபிக் தீவுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மரத்தின் காய். பெஸ்டிவல் என்று பேர் வைத்திருக்கும் இனிப்பான சோளமாவுப் பொரியல் காரத்துக்கு மாற்று. அடுத்த கடையிலே கறி கோட் என்று ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தால், அது 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன சுமார் 36,000 இந்தியர்களின் சமையல்.

1948-க்குப் பின் ஜமைக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் பிழைக்கப் போனவர்கள் டிரம்மையும் உடன்கொண்டு போனார்கள் என்றே சொல்லலாம். ஆகஸ்டு இறுதியில் லண்டனில் நடக்கும் நாட்டிங் ஹில் திருவிழாவில் இன்று தெருவெல்லாம் அந்தப் புகைதான். 1978-ல் வாக்கர்ஸ்வுட் என்ற மலைக்கிராமத்தில் ஊராருக்கு வேலை தேடித் தொடங்கிய ஒரு சிறு முயற்சி, பின்னால் ஜெர்க் மசாலாவைப் புட்டியில் அடைத்துக் கடல் கடந்து விற்கும் தொழிலாக வளர்ந்தது. அது கிராமத்துக்கு நன்மையே செய்தது. புட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புட்டியில் மசாலா போனதே ஒழிய, நெருப்பு போகவில்லை. 2018-ல் ஆங்கிலச் சமையற்கலைஞர் ஜேமி ஆலிவர் ‘ஜெர்க் சாதம்’ என்று ஒன்றைக் கடைகளுக்கு அனுப்பியபோது, ஜமைக்க வம்சத்தில் வந்த பார்லிமெண்டு உறுப்பினர் டான் பட்லர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பத்திரிகைகளில் பெரிய ரகளையாயிற்று. ஒருவர் சமையலை மற்றொருவர் கைக்கொள்வது குற்றம் என்று நான் எண்ணவில்லை. அப்படியானால் மிளகாயில்லாத சாம்பார்தான் நமக்கு மிஞ்சும். ஆயினும் தணலின் மேல் வாட்ட முடியாத சாதத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது விவேகமல்ல.

இதைப் படித்து ஆவல் கொள்ளும் தமிழ் வாசகருக்கு ஒரு யோசனை. சர்வசுகந்தி மணிகள் கேரளத்து மசாலாக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றையும் சேர்த்து இடித்தால் ஓரளவு ஒப்பேறும். தைம் தழைக்குப் பதில் கற்பூரவல்லி இலை சிறிது போடலாம். கோழியைக் கீறி, அரைத்ததைத் திணித்து ஓரிரவு ஊறவையுங்கள். எரிவாயு அடுப்பிலோ மின்சார அடுப்பிலோ அதை வைத்துவிட்டு ஜெர்க் செய்தேன் என்று சொல்ல வேண்டாம். கொல்லையில் கொய்யா மரம் கழித்துப் போட்ட கிளை இருந்தால், அது பிமெண்டோவுக்கு உறவுமுறைதான். காய்ந்ததை எரித்துத் தணலாக்கி, பச்சைக் குச்சிகளை மேலே பரப்பி, கோழியை வைத்து, பழைய தகரத்தால் மூடி, ஒரு மணி நேரம் அவசரப்படாமல் காத்திருங்கள். ஊறவைத்த சர்வசுகந்தி மணிகளில் ஒரு பிடியைத் தணலில் தூவினால் இன்னும் விசேஷம். போர்ட்லண்ட்காரர் எவரும் அதை ஜெர்க் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் புட்டியில் வருவதைக் காட்டிலும் அது அசலுக்குப் பல மடங்கு நெருக்கமாக இருக்கும்.